பின்புறக் கை, ஜோடி ஒன்று

எங்கள் ஆபீஸின் முழுப் பெயரைச் சொன்னால் எனக்கே மூச்சு வாங்கும். உற்பத்தித் திறன் ஊக்குவிப்பு, ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம். வயலூர் ரோட்டில் பஸ் கண்டக்டர்கள் அவ்வளவு நேரம் கத்த முடியாமல், "சுறுசுறுப்பு ஆபீஸ் எல்லாம் எறங்கு" என்பார்கள். இந்த நாட்டில் ஜனங்கள் வேலையை மெதுவாகச் செய்கிறார்கள், வேகமாகச் செய்ய அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆரம்பித்த ஆபீஸ் இது. கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆயிற்று.

நான் அங்கே டைப் அடிக்கிற குமாஸ்தா. பெயர் ஸ்தனிஸ்லாஸ், வீடு பாலக்கரை. இந்தக் கதையில் வருகிற அத்தனை காகிதத்தையும் டைப் அடித்த பாவி நான்தான். அதனால் நான் தனியாகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் காகிதத்திலேயே இருக்கிறது.

அறுபத்திரண்டாம் வருஷம் எங்கள் நிலையத்தின் ஜெர்மன் ஆலோசகர் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது தன் பங்களாவில் இருந்த பாத்திரம் கழுவும் மிஷினை எங்கள் ஹாஸ்டலுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைப் பெயின்ட், இடுப்பு உயரம், முன்னால் ஒரு கதவு. எச்சில் தட்டை உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே வெந்நீர் பீச்சியடிக்கும். ஒரு மணி நேரத்தில் தட்டு பளபளவென்று வெளியே வரும். அது ஓடியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் எங்கள் சமையல்காரர் மருதை. அதற்கு முன்னால் அவர் அந்த ஜெர்மன்காரர் வீட்டில்தான் சமைத்துக்கொண்டிருந்தார்.

அதுவரை ஹாஸ்டலின் எண்பது தட்டையும் மூன்று வேளையும் துலக்கியது பொன்னுத்தாய் அக்கா. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். இன்றைக்கு ஹாஸ்டல் நிற்கிற இடம் அவர்களுடைய வாழைக்கொல்லை. சமையலறைக்குப் பின்னால் இருக்கிற கிணறு அவள் மாமனார் வெட்டியது. ஆபீஸ் கட்ட நிலத்தை எடுத்துக்கொண்டபோது, நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும், வேலை இருக்கும்வரை ஊழியர் குடியிருப்பு லைனில் ஒரு ரூமும் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. அந்த வேலைதான் இது, பாத்திரம் துலக்குபவர் ஒன்று. வாய்க்கால் கரையில் கொல்லை வைத்திருந்தவள் எங்கள் எச்சில் தட்டைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தேய்ப்பதையும் எங்கள் நிபுணர்கள் விடவில்லை. இரண்டு பேர் ஸ்டாப் வாட்சோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பதினொரு நாள் பார்த்தார்கள். 'வலது கை அசைவு பதினான்கு, இடது கை அசைவு ஒன்பது, பெருமூச்சு ஒன்று. பெருமூச்சைத் தவிர்க்கலாம்' என்று அறிக்கை கொடுத்தார்கள். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

இனி எங்கள் டைரக்டர். சௌம்யநாராயணன் என்று பெயர், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. தினமும் ஜீப்பில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எந்தச் சாமானைப் பற்றிப் பேசினாலும் பெருமாளைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவார். மிஷின் வந்து இறங்கியதும், "ஸ்தனிஸ்லாஸ், எழுதிக்கோ. ஜெர்மன் தேசத்திலேர்ந்து நம்ம ஹாஸ்டலுக்கு எழுந்தருளியிருக்கிற இந்த இயந்திரத்துக்கு விஜயதசமி அன்னிக்குத் திறப்பு விழா" என்றார்.

திறப்பு விழா என்றால் பெயர்ப் பலகை வேண்டுமே! பெரிய கடை வீதியில் சொல்லி ஒன்றரை அடிப் பித்தளைத் தகட்டில் அவர் பெயரைப் பட்டத்தோடு வெட்டிக்கொண்டு வந்தார்கள். சுவரில் மாட்டினால் சுவரைத் திறந்து வைத்ததாக ஆகிவிடும் என்று ஒரு சந்தேகம் வந்தது. அதனால் மிஷின் கதவிலேயே முடுக்கச் சொல்லி உத்தரவு. தச்சர் வந்து, நிலைக்கதவுக்குப் போடுகிற இரண்டங்குல ஸ்குரூ நாலை எடுத்து, நாலு மூலையிலும் நறுக்கென்று முடுக்கிவிட்டுப் போனார்.

விழா நிகழ்ச்சி நிரலில் இப்படி இருந்தது: '4.12, சுவிட்ச் போடுதல். 4.13, கரவொலி.' டைரக்டர் சரியாக நாலு பன்னிரண்டுக்குச் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. தண்ணீர் பீச்சவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. நாலு பதின்மூன்றுக்கு நாங்கள் கை தட்டினோம்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "சாதாரண இயந்திரங்கள் சத்தம் போடும். சத்தமில்லாம கைங்கர்யம் பண்றதுதான் உத்தமமான இயந்திரம். நம்ம ஊழியர்களும் இதைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். பின்வரிசையில் மருதை வாயைத் திறக்கப் போனார். நான் அவர் காலை மிதித்தேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. 'பாத்திரம் கழுவும் இயந்திரம் வெற்றிகரமாக இயங்கத் தொடங்கிவிட்டதால் பாத்திரம் துலக்குபவர் பதவி ரத்து செய்யப்படுகிறது.' வேலை போனால் ரூமும் போயிற்று. ரூமைக் காலி செய்யத் தனியாக ஒரு நோட்டீஸ்.

அன்றைக்கு மத்தியானம் எண்பது எச்சில் தட்டு மலையாகக் குவிந்து கிடந்தது. மருதை இரண்டு நாள் வாழை இலை போட்டுச் சமாளித்தார். உடனே ஒரு சுற்றறிக்கை: 'இலையில் உண்பது இயந்திரத்தின் பயன்பாட்டு விகிதத்தைக் குறைப்பதால் நிலைய எல்லைக்குள் வாழை இலை தடை செய்யப்படுகிறது.' வாழைக்கொல்லையில் கட்டின ஆபீஸில் வாழை இலைக்குத் தடை! நான் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

வேறு வழி? மருதை லைனுக்குப் போய்ப் பொன்னுத்தாயைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். ஆனால் வேலையில் இல்லாத ஆளை வாட்ச்மேன் எப்படி உள்ளே விடுவார்? தினமும் காலையில் பாஸ் எழுத வேண்டும். பாஸில் 'வந்த காரியம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'விருந்தினர்' என்று எழுதினார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் பொன்னுத்தாய் தினமும் விருந்தாளியாக உள்ளே வந்து, மூன்று வேளை எண்பது எண்பது தட்டாகத் துலக்கிவிட்டு, மருதை கொடுக்கிற சோற்றை வாங்கிக்கொண்டு போனாள். எங்கள் மாதாந்திர அறிக்கையில், 'இயந்திரம் சீராக இயங்குகிறது. இம்மாதம் விருந்தினர் வருகை: முப்பது' என்று போயிற்று.

அவள் என் மேஜைக்கு வந்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, ஒரு சந்தேகம் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மிசினு ஓடுதா, ஓடலியா?"

"ஏங்க்கா?"

"ஓடுனா எனக்கு வேலை இல்ல, ரூமும் இல்ல. சரி, ஒத்துக்கிறேன். ஓடலைன்னா எனக்கு வேலை இருக்கணுமா இல்லியா? ஓடலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அந்த ஒரு வரி எங்கள் ஆபீஸில் யாராலும் எழுத முடியாத வரி என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அவள் சொன்னதை மனுவாக டைப் அடித்து உள்ளே வைத்தேன். டைரக்டர் படித்துவிட்டு முகம் சிவந்தார். "ஓடலைன்னா எழுதியிருக்கா? நான் திறந்து வெச்ச இயந்திரம், எப்படி ஓடாம இருக்கும்?" என்றார். பிறகு, நியாயமான மனுஷர் என்பதால், கமிட்டி போட்டார். 'சீராக இயங்கும் இயந்திரம் ஏன் இயங்கவில்லை என்பதை ஆராயும் குழு' என்று அதற்குப் பெயர்.

கமிட்டியில் மூன்று பேர். மின்சாரப் பிரிவு சூப்பர்வைசர் தைரியராஜ், தண்ணீர்ப் பிரிவு சூப்பர்வைசர் ஒருவர், செயலாளராக நான். முதல் மூன்று கூட்டம், இந்த மிஷின் யாருடையது என்பதிலேயே போயிற்று. "கரண்டுல ஓடுறதுனால இது தண்ணிச் சாமான் இல்ல" என்று தண்ணீர்ப் பிரிவு. "தண்ணி போறதுனால இது கரண்டுச் சாமான் இல்ல, ஷாக் அடிச்சா யாரு பொறுப்பு?" என்று தைரியராஜ். பேர்தான் தைரியம். அவர் நனைந்த தரையில் நின்று டார்ச் லைட்டைக்கூடப் போட மாட்டார்.

நாலாவது கூட்டத்தில் ஒரு வழியாக மிஷின் பக்கம் போனோம். முதலில் கரண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். தைரியராஜ் அடுக்களையில் எரிகிற பல்பைக் காட்டி, "வருது" என்றார். அந்தப் பிளக் பாயின்டில் வருகிறதா என்று கேட்டேன். அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று இரண்டு வாரம் ஆயிற்று. அனுமதி வந்தது, டெஸ்ட் விளக்கைச் சொருகினோம், எரிந்தது. ஃபியூஸ் பார்க்க ஒரு வாரம், அதுவும் நன்றாக இருந்தது. வயரைத் தடவிப் பார்க்க ஒரு வாரம். அதுவும் சரி.

கடைசியில் மிஷினோடு வந்த புஸ்தகத்தைப் பார்க்கலாம் என்று முடிவு. அறுபத்து நாலு பக்கம், அத்தனையும் ஜெர்மன். எங்கள் சர்ச் பங்குச் சாமியாருக்கு ஜெர்மன் தெரியும் என்பதால் நான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. 'அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ், மிஷின் உயிர் பெறவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும் என்ற பகுதியில் முதல் வரியே இதுதான்: கதவு முழுவதும் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கவும். ஒரு நூல் திறந்திருந்தாலும் கரண்டு உள்ளே போகாது. மற்றதை மெதுவாக மொழிபெயர்த்துத் தருகிறேன்.'

கார்டைக் கமிட்டியில் வைத்தேன். தண்ணீர்ப் பிரிவுக்காரர் இரண்டு தரம் படித்துவிட்டு, "அறுபத்து நாலு பக்கத்துல ஒரு வரிதான் வந்திருக்கு. முழு மொழிபெயர்ப்பு வராம நடவடிக்கை எடுக்கறது முறையில்ல" என்றார். அப்படியே தீர்மானம் ஆயிற்று.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தைரியராஜை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். பொன்னுத்தாய் அக்கா பின்பக்கத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் கதவைச் சாத்தினோம். சாத்தின மாதிரிதான் தெரிந்தது. "நல்லாக் குனிஞ்சு பாருங்க தம்பி" என்றாள் அவள், கையைக்கூடக் கழுவாமல் வந்து. "தெனம் தொடைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? கீழ்மூலையில ஒரு விரக்கடை எடம் நிக்கிது. அண்டாவுக்கு மூடி சரியா உக்காரலைன்னா சோறு வேகுமா?"

குனிந்து பார்த்தோம். பித்தளைத் தகட்டின் நாலாவது ஸ்குரூ கதவைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தவிடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது அதுதான்.

தைரியராஜ் சட்டென்று நிமிர்ந்து நின்றுகொண்டார். "சார், நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

"பாத்தீங்களே!"

"அந்த ஸ்குரூவைக் கழட்டினா பலகை சாயும். பலகை சாஞ்சா டைரக்டர் பேரு சாயும். எனக்கு மூணு பொண்ணு இருக்கு சார்."

நான் பொன்னுத்தாயைப் பார்த்தேன். "ஏங்க்கா, தெரிஞ்சும் இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா மிசினு ஓடிடும். ஓடிட்டா எம் பொழப்பு போயிடும். எனக்கென்ன கிறுக்கா?"

"பின்னே இப்ப ஏன் சொன்னீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இதைக் கழட்டுற ஆளுங்க இல்லன்னு இப்பத்தானே தெரிஞ்சுது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கழட்டவில்லை. கமிட்டி அறிக்கை இப்படி முடிந்தது: 'மின்சாரம் உள்ளது. ஃபியூஸ் உள்ளது. இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. கதவு மட்டும் மரியாதை நிமித்தம் சற்றுத் திறந்துள்ளது.' மனு தள்ளுபடி. ரூமைக் காலி செய்கிற தேதியை மட்டும், கருணையோடு, அடுத்த விஜயதசமி வரைக்கும் தள்ளிப் போட்டார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று கீழே கோடு வேறு.

ஆவணி மாதம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் நிலையத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. 'குறிப்பாக, தங்கள் அறிக்கைகளில் காணும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இயக்கத்தில் காண விருப்பம்.' டைரக்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கேள்வி. மறுநாள் என்னையும் தைரியராஜையும் கூப்பிட்டு, "இயந்திரத்துக்குப் பின்பக்கம் காத்தோட்டம் போறலைன்னு நெனைக்கிறேன். சுவர்லே ஒரு துவாரம் போட்டா என்ன?" என்றார். நாங்கள் புரிந்துகொண்டோம். மிஷினின் முதுகுத் தகட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் சுவரில் ஒரு சதுர ஓட்டை போட்டார்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் துலக்குகிற கல். கல்லுக்கு முன்னால் பொன்னுத்தாய். பாஸில் 'விருந்தினர்'.

டெல்லி அதிகாரி வந்தார், கையில் ஸ்டாப் வாட்ச். அவரே இருபது எச்சில் தட்டை அடுக்கினார். டைரக்டர் கதவைச் சாத்தி, கைகூப்பி, சுவிட்சைப் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. ஆறே நிமிஷம். கதவைத் திறந்தால் இருபது தட்டும் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"ஜெர்மனியில் இது ஒரு மணி நேரம் ஆகுமே!" என்று அதிகாரி அசந்துபோய் உள்ளே குனிந்தார். அதே நேரத்தில், மறந்து போயிருந்த ஒரு தேக்கரண்டியை வைப்பதற்காக, உள்ளே இருந்து சாம்பல் படிந்த ஒரு கை நீண்டது. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போயிற்று.

எங்கள் டைரக்டர் தொண்டையைக் கனைத்தார். "அது... நம்ம நிலையத்தோட ஆராய்ச்சியிலே சேர்த்த அபிவிருத்தி, சார். பின்புறக் கை."

டெல்லி அதிகாரி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர். மெதுவாகப் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார். "ஒன்றா, ஜோடியா?"

"ஜோடி, சார்."

பதினைந்தாம் நாள் டெல்லி அறிக்கை வந்தது. 'இந்நிலையம் இயந்திரத்தில் பின்புறக் கைகளை இணைத்து அதன் வேகத்தைப் பத்து மடங்கு உயர்த்தியிருக்கிறது. பிற நிலையங்கள் பின்பற்றத்தக்கது.' பாராட்டு வந்தால் மட்டும் போதுமா? அறிக்கையில் இருக்கிற சாமான் ஸ்டோர் ரிஜிஸ்தரிலும் இருக்க வேண்டாமா? ஸ்டோர் கீப்பர் என்னிடம் வந்து, நூற்றுப் பதினாலாவது அயிட்டம் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று என்பதற்குக் கீழே, 'நூற்றுப் பதினாலு-அ: பின்புறக் கை, ஜோடி ஒன்று. நிலை: நன்று' என்று ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

பொன்னுத்தாய் ஆசையோடு வந்து கேட்டாள். "தம்பி, ரிஜிஸ்தர்ல என்னைய ஏத்திட்டாங்களாமே? எம் பேரு இருக்கா?"

"பேர் இல்லைக்கா. நம்பர் இருக்கு."

"அப்ப ரூமு?"

"ரூம் ஆளுக்குத்தான் குடுப்பாங்க. சாமானுக்குக் குடுக்க மாட்டாங்க."

"எங் கொல்லைய எடுத்தாங்க. கேணிய எடுத்தாங்க. வேலைய எடுத்தாங்க. இப்ப கையையும் எழுதி எடுத்துக்கிட்டாங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனாள். அன்றைக்கு நான் டைப் மிஷின் பக்கமே போகவில்லை. எல்லார் மேலேயும் கோபமாக இருந்தது. என்மேலேயும்தான்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, பொன்னுத்தாய் ரூமைக் காலி செய்ய வேண்டிய நாள். அந்த வருஷம் டைரக்டர் பூஜையை அமர்க்களமாக ஏற்பாடு செய்திருந்தார். டெல்லி அதிகாரி இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார், பெயர்பெற்ற இயந்திரத்தைக் காட்டி, மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும்.

காலை பத்து மணிக்குப் பூஜை. டைப் மிஷின், ஜீப், ஸ்டாப் வாட்ச் என்று ஒவ்வொன்றாக ரிஜிஸ்தரைப் பார்த்து ஸ்டோர் கீப்பர் படிக்க, ஒருவர் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். நூற்றுப் பதினாலு, பாத்திரம் கழுவும் இயந்திரம்: பெரிய மாலை, பித்தளைத் தகடு முழுக்கச் சந்தனம். நூற்றுப் பதினாலு-அ: ஸ்டோர் கீப்பர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, பின்பக்கம் போனார். ரிஜிஸ்தரில் இருக்கிறதே, விட முடியுமா? பொன்னுத்தாயிடம், "கையை நீட்டும்மா" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். "நா தாலியறுத்தவ. அவரு போனதுலேருந்து நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் எனக்குக் குங்குமம் நீட்டுனதில்ல. மனுசிக்கு வைக்க மாட்டீங்க, மிசினுக்கு வைப்பீங்களா? வைங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு புறங்கையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினார்கள்.

மணி பதினொன்று. காலை டிபனின் எண்பது தட்டு கல்லில் குவிந்து கிடந்தது. பன்னிரண்டரைக்கு டெல்லிக்காரர்களோடு பந்தி. மருதை பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், அந்தம்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு!"

டைரக்டர், நான், தைரியராஜ் மூவரும் ஓடினோம். பொன்னுத்தாய் சுவரோரமாக, சந்தனக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சாமி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, என்ன இது? தட்டெல்லாம் அப்படியே இருக்கே!" என்றார் டைரக்டர்.

"பூசையில வச்ச ஆயுதத்தத் தொடலாமாங்கய்யா? நாளைக்கு எடுத்த பொறவுதானே தொடணும்? நீங்க படிச்சவங்க, ஐதீகம் தெரிஞ்சவங்க, நீங்களே சொல்லுங்க."

பூஜையில் வைத்த பேனாவால் ஒரு கையெழுத்துப் போடாதவர் டைரக்டர். போன வருஷம் பூஜையன்றைக்கு ஜீப்பை எடுக்க மாட்டேன் என்று ஸ்ரீரங்கத்துக்குக் குதிரை வண்டியில் போனவர். "இலை... இலை வாங்கிண்டு வரச் சொல்லு!" என்றார்.

"ஆயுத பூசை அன்னிக்குப் பதினோரு மணிக்கு எந்தக் கடையில சார் இலை இருக்கும்?" என்றார் மருதை. "இருந்தாலும் வாட்ச்மேன் உள்ள விட மாட்டான். உங்க சுற்றறிக்கை கேட்டுலயே ஒட்டியிருக்கு."

"நீ மனுஷிதானேம்மா! கையை அலம்பிண்டு வந்து தேய்க்கப்படாதா?"

"மனுசின்னு எழுதிக் குடுங்க. தேய்க்கிறேன்."

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. டைரக்டர் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு யோசனை வந்தது. "சார், மிஷினும் பூஜையில இருக்கு. பூஜையில இருக்கிறதுனால இன்னிக்கு ஓடலன்னு எழுதலாம். அதுல உங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்ல. பக்திதானே."

அவர் முகம் தெளிந்தது. டைப் மிஷினும் பூஜையில் இருந்ததால் கையாலேயே எழுதினேன். தைரியராஜ் எங்கிருந்தோ பூஜையில் வைக்காத ஒரு பென்சிலைக் கொண்டுவந்தார். 'இயந்திரம் பூஜையில் வைக்கப்பட்டிருப்பதால் இயங்கவில்லை. எனவே பாத்திரம் துலக்கும் பதவி மீண்டும் ஏற்படுத்தப்பட்டு, அதில் பொன்னுத்தாய் இன்று முதல் நியமிக்கப்படுகிறார். இயந்திரம் பூஜையிலிருந்து எடுக்கப்படும்வரை அவர் பணியிலும் ஊழியர் குடியிருப்பிலும் நீடிப்பார்.' நாளை வரை என்று நான் எழுதவில்லை. டைரக்டர் அவசரத்தில் கவனிக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

பொன்னுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. "ஓடலைன்னு போட்டிருக்கா தம்பி?"

"முதல் வரியே அதுதான். ரெண்டாவது வரியில உங்க பேரு."

அவள் அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். பன்னிரண்டரைக்கு எண்பது தட்டும் தயார்.

அதற்கப்புறம் சில காகிதம் வந்தது, வராமல் இருக்குமா? 'அயிட்டம் நூற்றுப் பதினாலு-அ, பின்புறக் கை ஜோடியைக் காணவில்லை. காரணம் கூறவும்' என்று எனக்கு மெமோ. 'மேற்படி கை தற்போது ஊழியரிடம் உள்ளது' என்று பதில் எழுதினேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. சௌம்யநாராயணன் ரிட்டயர் ஆகி, இரண்டு டைரக்டர்கள் வந்து போனார்கள். மிஷின் இன்றைக்கும் மாலையும் கழுத்துமாக அடுக்களையில் நிற்கிறது. அதைப் பூஜையிலிருந்து எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வந்தாலும் எடுக்க முடியாது. ஏனென்றால் பொன்னுத்தாய் அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் புதுச் சந்தனம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சாத்தி, கற்பூரம் ஏற்றுகிறாள். பூஜை முடிந்தால்தானே எடுப்பதற்கு? நான் பாலக்கரைக் கிறிஸ்தவன், ஆனாலும் அந்தப் பக்கம் போனால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் வருவதில்லை.

போன மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு புது மின்சார சூப்பர்வைசர் மாற்றலாகி வந்தார். கெட்டிக்காரர். வந்த மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மிஷின் முன்னால் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"சார், இங்க வாங்க சார்! இந்த ஒரு ஸ்குரூதான். கழட்டினா ஓடும் சார்!"

பொன்னுத்தாய் அக்கா சாம்பல் கையோடு நிதானமாக எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"கற்பூரம் எரியுதுங்கய்யா. மொதல்ல செருப்பக் கழட்டிட்டு வாங்க."

அவர் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தார், சந்தனம் அப்பிய பித்தளைத் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவரும் போட்டுக்கொண்டார்.